முப்பத்தொன்பது பேருக்காகக் கை தூக்கியவர்

ஃபிஜித் தீவில், லவுத்தோக்கா நகரத்தின் பெரிய வீதியில், கடைகளுக்கும் ராஜபனைகளுக்கும் நடுவே, அரவைக் காலத்தில் கரும்பு ரயில் போகும். அந்த ரயிலை ஓட்டியவர்களில் ஒருவர் கோவிந்த். அவருடைய மனைவி இந்திராவதி அதே வீதியில் ஒரு மாடியில், வக்கீல் ஷைலேந்திராவின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ரயில் ஊதுகிற தினுசைக் கேட்டே வீட்டுக்காரர் மத்தியானச் சோறு சாப்பிட்டாரா, யாரோடாவது சண்டை போட்டாரா என்பதையெல்லாம் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

1986-ல் இந்திராவதிக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வருஷம் ஷைலேந்திரா எட்டு நாள் சிங்கப்பூர் போய் வந்தார். திரும்பி வந்ததிலிருந்து சொந்த ஊரைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. "அங்க குப்பைத் தொட்டிக்குக்கூட மூடி இருக்கு, இந்திராவதி" என்று ஜன்னல் பக்கம் நின்று சொன்னார். இரண்டு வாரத்தில் நடுநகர் முன்னேற்ற யோசனைச் சங்கம் பிறந்தது. நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஒரு பல் மருத்துவர், இரண்டு காப்பீட்டு முகவர்கள். புடவைக் கடை உர்மிளா தன் கடைக்கு மேலிருந்த அறையைச் சும்மாவே கொடுத்தார். அதற்குள் ஒரு கழிப்பறையும் உண்டு. அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி இருந்ததால் இந்திராவதி செயலாளர் ஆனார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் மறுக்கவில்லை.

முதல் கூட்டத்தில் யோசனைகள் கொட்டின. வண்ண விளக்கோடு ஒரு நீரூற்று வேண்டும். எல்லாக் கடைகளுக்கும் வானநீலத்தில் ஒரே சாயம் அடிக்க வேண்டும். கரும்பு ரயில் ஊதக் கூடாது, மணி அடிக்க வேண்டும். பல் மருத்துவர் ஒரு சிலை கேட்டார். யாருடைய சிலை என்று கேட்டதற்கு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பீடத்தைக் கட்டுவோம் என்றார். அதே கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே கடிகாரம் பழுது பார்க்கும் யோகேந்திரா கடைசியாக எழுந்தார். சந்தை மூலையில் பை மூட்டையோடு ஜனங்கள் நிற்கிறார்கள்; உட்கார ஒரு பெஞ்சும் மேலே ஒரு தகரக் கூரையும் போட்டால் போதும் என்றார். இது மிகவும் சாதாரணமாக இருந்ததால் யாருக்கும் அதைப் பற்றிப் பேச ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

விதிமுறைகளை வக்கீலே எழுதினார். அறுபத்திரண்டு விதிகள். அவற்றில் நான்கு பிற்பாடு இந்திராவதியின் வாழ்க்கையில் பெரிய பங்கு வகித்தன. ஒன்று: செயலாளர் யோசனை சொல்லக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். இரண்டு: வர முடியாத உறுப்பினர் செயலாளரிடம் பதிலாள் கடிதம் கொடுத்தால் அவர் வந்ததாகவே கணக்கு, அவர் சொல்லியபடி செயலாளர் அவருக்காகக் கை தூக்க வேண்டும். மூன்று: உறுப்பினரின் ராஜினாமாவை, பாதிப் பேருக்கு மேல் நேரில் வந்த கூட்டம்தான் ஏற்கலாம். நான்கு: செயலாளர் பதவி காலியானால், அறையில் இருப்பவர்களில் வயதில் மூத்தவர் அதே நிமிஷம் செயலாளர்.

நீரூற்றா சிலையா என்று முடிவு செய்ய 1987 மே மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு தலைநகர் சூவாவில் சிப்பாய்கள் முகமூடியோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்தியர்கள் நிறைய இருந்த அரசாங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் இந்திராவதி, சிலையாக நிற்கத் தகுதியுள்ளவர்கள் என்ற பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஷைலேந்திரா ரேடியோவைக் கேட்டார். அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு, "நிகழ்ச்சி நிரல்ல மாத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். அன்றைய குறிப்பேட்டில் இந்திராவதி எழுதியது இன்னும் இருக்கிறது: "நீரூற்று பற்றிப் பேசவில்லை. கனடா பற்றிப் பேசினார்கள்."

செப்டம்பரில் இரண்டாவது ராணுவப் புரட்சி. அதற்குள் ஷைலேந்திராவுக்குக் கனடா விசா வந்துவிட்டது. நாந்தி விமான நிலையத்தில், மாலை போட்டு அழுகிற சொந்தக்காரர்களை ஒதுக்கிக்கொண்டு இந்திராவதியிடம் வந்தார்.

"ராஜினாமா எழுதிட்டீங்களா, வக்கீல் சாப்?"

"எழுதினா யாரு ஏத்துக்கறது? இருபத்தொரு பேரு வரணும். எல்லாரும் இங்க நிக்கிறாங்க பாரு." அவர் கை காட்டிய பக்கம் பல் மருத்துவரும் ஒரு காப்பீட்டு முகவரும் பெட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். "இது பதிலாள் கடிதம். நான் எட்மண்டன்லேந்து யோசனை அனுப்பறேன். நீ கை தூக்கு."

வரிசையில் நின்ற மற்ற இருவரும் இதைப் பார்த்துவிட்டு, ஒரு காகிதம் வாங்கி அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு யார் புறப்பட்டாலும் கடைசியில் இந்திராவதியிடம் வந்து கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். சிலர் வீட்டுக்கு வந்தார்கள், சிலர் பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். உர்மிளா கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு சிட்னி போகும்போது, அறைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். 1988 முடிவதற்குள் முப்பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். இந்திராவதியும் யோகேந்திராவும் மிச்சம். அதாவது ஓட்டுள்ளவர் என்று ஊரில் இருந்தது யோகேந்திரா ஒருவர்தான்.

யோகேந்திரா ஏன் போகவில்லை என்று கேட்டால், போனவர்கள் பழுதுக்குக் கொடுத்த கடிகாரங்கள் இன்னும் கடையில் இருக்கின்றன என்பார். அவற்றுக்குத் தினமும் சாவி கொடுத்து வைத்திருந்தார். எல்லாம் சரியான நேரம் காட்டின.

ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பது விதி. புரட்சி அரசு போட்ட சட்டப்படி அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ ஓய்வு நாள்; கடை திறக்கக் கூடாது, பேருந்து ஓடக் கூடாது, கூட்டம் கூடுவதென்றால் அனுமதி வேண்டும். இந்திராவதி விண்ணப்பத்தோடு போலீஸ் நிலையம் போனார். அங்கிருந்த சார்ஜன்ட் பூர்வகுடி ஃபிஜிக்காரர், பருத்த மனிதர், நிதானமானவர். நம்மவர்கள் பேசும் இந்தியை நம்மவர்களைவிட நன்றாகப் பேசுவார்.

"எத்தனை பேர் வருவாங்க, அக்கா?"

"நாப்பத்தொரு பேர்."

சார்ஜன்ட் பேனாவை வைத்தார். "அவ்வளவு பேருக்குத் தர முடியாதே."

"நேர்ல ரெண்டு பேர்தான். பாக்கி முப்பத்தொம்பது பேர் என் பையில இருக்காங்க." பையைத் திறந்து கடிதக் கட்டைக் காட்டினார்.

சார்ஜன்ட் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இவரு என் பல்லைப் பிடுங்கினவரு" என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு கேட்டார்: "ஞாயித்துக்கிழமை பிரார்த்தனைன்னா பரவாயில்ல. இது பிரார்த்தனையா?"

இந்திராவதி பொய் சொல்லத் தெரியாதவர். "அந்த மாதிரிதான். நாங்க பேசுவோம். அங்கேந்து உடனே பதில் வராது."

அனுமதி கிடைத்தது. நாற்பத்தொரு பேர் கூடுகிற இடத்தில் காவல் இருக்க வேண்டும் என்பதால் சார்ஜன்ட் தானே வந்து கதவோரம் உட்கார்ந்தார். சங்கம் தமிழில் பேசியது அவருக்குப் புரியவில்லை. இந்திராவதியும் யோகேந்திராவும் தென்னிந்தியர் பள்ளியில் படித்தவர்கள். சண்டை போடத் தமிழே வசதி என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தது. கூட்டம் முடிந்ததும் சார்ஜன்ட் எழுந்து, "அமைதியாக இருந்தது, வினாக்கா" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அமைதியாக ஒன்றும் இல்லை. அன்றுதான் பெஞ்சு யோசனை முதல் தடவை ஓட்டுக்கு வந்தது. உறுப்பினர்களிடமிருந்து பதில்கள் வந்திருந்தன. எட்மண்டனிலிருந்து ஷைலேந்திரா எழுதியிருந்தார்: இங்கே பேருந்து நிறுத்தத்தில் கண்ணாடிச் சுவரும், உள்ளே சூடு கொடுக்கும் கருவியும் இருக்கின்றன, லவுத்தோக்காவிலும் சூடு கொடுக்கும் கருவி இல்லாமல் பெஞ்சு போடக் கூடாது. சிட்னியிலிருந்து ஒருவர், பெஞ்சு போட்டால் ஊர் சோம்பேறியாகும் என்றார். பல் மருத்துவர், பெஞ்சைவிட முதலில் பீடம் என்றார். ஆக்லாந்திலிருந்த ஆசிரியர் தேவேந்திரா நாலு பக்கம் எழுதியிருந்தார். தான் விடுமுறையில் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும், ஆகவே சந்தை மூலையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பது சாரம்.

"ஒவ்வொரு ஓட்டுக்கும் தனித்தனியா கை தூக்கணும்" என்றார் யோகேந்திரா. "விதி அப்படித்தான் சொல்லுது."

இந்திராவதி ஒரு பெயரைப் படித்து, கையைத் தூக்கி, இறக்கி, அடுத்த பெயரைப் படித்தார். முப்பத்தொன்பது தடவை. எல்லாம் எதிர் ஓட்டு. கடைசியில் யோகேந்திரா தன் ஒரு கையைத் தூக்கினார்.

"உங்க யோசனை தோத்துப் போச்சு, அண்ணே."

"தங்கச்சி, நான் இங்க உக்காந்திருக்கேன். மூச்சு விடறேன். அந்த மூலைக்கு இங்கேந்து அம்பது தப்படிதான். பனியில நிக்கிறவன் வந்து என் பெஞ்சுக்கு வேணாம்னு எப்படிச் சொல்லலாம்?"

"அவரு உறுப்பினரு."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் செயலாளரு. எனக்கு ஒண்ணும் நினைக்கறதுக்கு இல்ல."

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு ஆண்டும் பெஞ்சு வரும், முப்பத்தொன்பதுக்கு ஒன்று என்று தோற்கும். வெளியூர் யோசனைகள் மட்டும் நிறைவேறிக்கொண்டே இருந்தன. நகரில் நாய்கள் சங்கிலி இல்லாமல் போகக் கூடாது. நடைபாதையில் பனி விழுந்தால் கடைக்காரரே அள்ள வேண்டும். நிலத்தடி ரயிலுக்கு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் இந்திராவதி சுத்தமாகத் தட்டச்சு செய்து ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புவார். பதில் வராது. வராததையும் பதிவு செய்வார்.

ஆண்டுக் கூட்டத்துக்கு மறுநாள் அவருக்கு வலது தோள் வலிக்கும். கோவிந்த் தேங்காய் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து விடுவார்.

"போனவங்க போயிட்டாங்க. அவங்களுக்கு எதுக்கு நீ கை தூக்குற? பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி" என்று ஒரு தடவை கேட்டார்.

"அவங்க எழுதறாங்களே" என்றார் இந்திராவதி. "கரிஷ்மாகூட இவ்வளவு ஒழுங்கா எழுதறதில்ல." கரிஷ்மா அவர்கள் மகள்; அப்போது ஆக்லாந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோவிந்த் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொண்டார்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் மறுபடியும் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள். இந்தத் தடவை அரசாங்கத்தை ஐம்பத்தாறு நாள் உள்ளேயே அடைத்து வைத்தார்கள். உட்புறத்துக் கிராமங்களில் கலவரத்தில் வீடு பறிபோன இந்தியக் குடும்பங்கள் மூட்டையோடு லவுத்தோக்கா வந்து ஒரு மண்டபத்தில் தங்கின. பகலில் பெண்கள் சந்தைப் பக்கம் வந்து நிற்பார்கள். வாங்க ஒன்றுமில்லை, மண்டபத்தில் இருக்கவும் முடியவில்லை.

ஜூலையில் ஒரு நாள் காலை, மாடிப்படி அருகே ஒரு பெண் இந்திராவதியை நிறுத்தினாள். இடுப்பில் குழந்தை. ரொம்ப நேரமாக யாரிடம் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருந்தவள் போலிருந்தது.

"அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

இந்திராவதி படியை நிமிர்ந்து பார்த்தார். பதினான்கு வருஷமாக அந்த வீதியின் முன்னேற்றத்துக்காக வந்த யோசனைகள் எல்லாம் அவர் கையால் தட்டச்சு ஆனவை. நீரூற்று உண்டு, சிலை உண்டு, பூமிக்கடியில் ரயில் உண்டு. இந்தக் கேள்வி ஒன்றிலும் இல்லை. கரும்புத் தோட்டத்திலிருந்து காலையில் பேருந்து ஏறி, சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் கடை கடையாகச் சுற்றிவிட்டுப் போகிற பெண்களில் தன் அம்மாவும் ஒருத்தி என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணை மேலே கூட்டிக்கொண்டு போய்ச் சங்கத்தின் அறையைத் திறந்து விட்டார். குழந்தையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினோரு பெண்கள் படியில் நின்றார்கள். அதற்கு மறுநாள் இந்திராவதியால் எண்ண முடியவில்லை.

யோகேந்திரா தன் கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"முப்பத்து மூணாவது விதி, தங்கச்சி. அறை உறுப்பினர் உபயோகத்துக்கு மட்டும்."

"அண்ணே, நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"நான் பன்னெண்டு வருஷமா விதிப்படி தோக்கறேன். எனக்கு மட்டும்தானா விதி? ஓட்டுக்கு விடு."

அன்றே கூட்டம் போட்டார்கள். பெண்கள் வெளியே வராந்தாவில் காத்திருந்தார்கள். யோசனையை யோகேந்திராவே, அறையைப் பெண்களுக்குத் திறந்து விடலாமா என்று முன்வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் அதில் சம்மதம்தான் என்பது பிறகு தெரிந்தது. எத்தனை பேர் எதிர்ப்பார்கள் என்று ஒரு தடவை காதால் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார்.

இந்திராவதி பட்டியலை எடுத்தார். யாருக்கும் கடிதம் போகவில்லை, யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. முதல் பெயரைப் படித்துக் கையைத் தூக்கினார். "சம்மதம்."

"எட்மண்டன் சம்மதமா?" என்றார் யோகேந்திரா.

"சம்மதம்."

"எப்ப எழுதினாரு?"

இந்திராவதி இரண்டாவது பெயரைப் படித்தார். பல் மருத்துவர், சம்மதம். தேவேந்திரா, சம்மதம். உர்மிளா, சம்மதம். வெளியே ஒரு பெண், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கதவைத் தட்டிக் கேட்டாள். "பதிமூணு பேர் பாக்கி" என்று யோகேந்திரா உள்ளேயிருந்து பதில் சொன்னார்.

கடைசியில் யோகேந்திராவும் கட்டிய கையை எடுத்துத் தூக்கினார். நாற்பதுக்குப் பூஜ்யம். சங்கத்தின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. குறிப்பேட்டில் எழுதும்போது இந்திராவதி மறைக்கவில்லை. "உறுப்பினர்களைக் கேட்காமல் செயலாளர் கை தூக்கினார்" என்று அதையும் சேர்த்து எழுதி, எல்லோருக்கும் நகல் அனுப்பினார்.

ஆகஸ்டில் ஷைலேந்திரா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இந்திராவதி, அங்க என்ன நடக்குது? ஜனநாயகத்தையே கவுத்துட்டியே."

"ஆமா, வக்கீல் சாப். கவுத்துட்டேன்."

"எந்த ஆளும் நம்மைக் கேக்காம நம்ம பேருல ஆளக் கூடாதுன்னுதானே நாங்கல்லாம் அந்த ஊரை விட்டு வந்தோம்."

"வந்துட்டீங்க. நானும் உங்களக் கேக்கலதான். தப்புத்தான்."

அவர் வாதத்துக்குத் தயாராக வந்திருந்தார். எதிர்த் தரப்பு ஒப்புக்கொண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல், கோவிந்தின் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் செயலாளரை நீக்க வேண்டும் என்ற கடிதங்கள் வந்து சேர்ந்தன. எட்மண்டனிலிருந்து, ஆக்லாந்திலிருந்து, பிரிஸ்பேனிலிருந்து, சாக்ரமெண்டோவிலிருந்து. முப்பத்தெட்டு கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், வக்கீல் எழுதிக் கொடுத்தது. முப்பத்தொன்பதாவது உர்மிளாவிடமிருந்து வந்தது. அதில் நீக்கம் பற்றி ஒன்றும் இல்லை. "அந்தக் கழிப்பறையில் சங்கிலியை இரண்டு முறை இழுக்க வேண்டும். முதல் தடவை தண்ணீர் வராது. பெண்களிடம் சொல்லு" என்று மட்டும் இருந்தது.

தன்னைத் தானே நீக்கும் கூட்டத்துக்கு இந்திராவதி நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார். அன்று கோவிந்தும் வந்து படியில் உட்கார்ந்திருந்தார், எண்ணெய்ச் சீசாவோடு. இந்திராவதி பெயர்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தனக்கு எதிராகக் கையைத் தூக்கினார். உர்மிளாவின் கடிதத்தில் ஆமா இல்லை என்று ஒன்றும் இல்லாததால் அது செல்லாது என்று எழுதினார். யோகேந்திரா மட்டும் அவர் பக்கம் கை தூக்கினார்.

"முப்பத்தெட்டுக்கு ஒண்ணு. என்னை நீக்கியாச்சு, அண்ணே."

"உக்காரு, தங்கச்சி. டீ குடிக்கிறியா?"

"கூட்டம் முடியல." இந்திராவதி குறிப்பேட்டை அவர் பக்கம் தள்ளினார். "மூத்தவரு நீங்கதான். இனிமே நீங்க செயலாளரு. நான் சாதா உறுப்பினரு."

யோகேந்திராவுக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்ப இனிமே நான் யோசனை சொல்ல முடியாதா?"

"முடியாது."

"ஓட்டு?"

"கிடையாது. ஆனா எனக்கு உண்டு." இந்திராவதி எழுந்து நின்றார். ஐம்பத்திரண்டு வயதில் தன் வாழ்க்கையின் முதல் யோசனையைச் சொல்லப் போகிறார் என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த அறை நடுநகருக்கு வர்ற பொம்பளைங்களுக்காக வாரம் ஆறு நாளும் திறந்திருக்கணும். விதிப்படி கேட்டுத்தான் செய்யறேன்."

யோகேந்திரா கடிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முப்பத்தெட்டிலும் செயலாளரை நீக்கு என்றுதான் இருந்தது. அறையை என்ன செய்வது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. கோபத்தில் அது விட்டுப் போயிருந்தது.

"இது பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. வந்ததா எழுதிக்கறேன். கை தூக்க முடியாது" என்றார் புதிய செயலாளர், அதிகாரமான குரலில். "ஆதரிக்கிறவங்க?"

இந்திராவதி கையைத் தூக்கினார்.

"ஒண்ணுக்குப் பூஜ்யம். நிறைவேறியது."

அவர் எழுதி முடிக்கும் வரை இந்திராவதி உட்காரவில்லை. "இன்னொண்ணு இருக்கு. சந்தை மூலையில ஒரு பெஞ்சு, மேல தகரம்."

யோகேந்திரா தலையைத் தூக்காமல், "ஆதரிக்கிறவங்க?" என்று கேட்டார். எழுதும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதில் தூசி ஒன்றும் இல்லை என்று இந்திராவதி சொல்கிறார்.

வீதியில் பெஞ்சு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கோவிந்தும் அவர் நண்பர் ஒருவரும் பழைய தண்டவாளக் கட்டைகளில் ஒரு பெஞ்சு செய்து, சக்கரம் வைத்தார்கள். நகர்கிற சாமானுக்கு அனுமதி தேவையில்லை என்று யோகேந்திரா எங்கோ படித்திருந்தார். காலையில் அதைச் சந்தை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவார், மாலையில் திரும்பத் தள்ளி வருவார். சில நாள் ஆட்கள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். அவர்களோடு சேர்த்துத் தள்ளி வந்து மாடிப்படி அருகே விடுவார். அவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. பேருந்து நிலையத்துக்கு அது பாதி வழி.

தீர்மானங்களை ரத்து செய்ய எட்மண்டனிலிருந்து முயற்சி நடந்தது. அதற்குள் ஷைலேந்திரா அங்கேயே தன் வீதியின் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் ஆகிவிட்டதாகவும், நேரம் இல்லை என்றும் ஒரு வரி வந்தது. மற்றவர்களும் மெல்ல எழுதுவதை நிறுத்தினார்கள். 2003-ல் கரிஷ்மா எழுதிப் போட்ட மனுவில் இந்திராவதிக்கும் கோவிந்துக்கும் நியூசிலாந்தில் குடியிருக்க அனுமதி வந்தது. போனார்கள். நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். இந்தக் கதையைக் கேட்க லவுத்தோக்கா போயிருந்தபோது, ஏன் என்று கேட்டேன்.

"அங்க பெஞ்சு இருக்கு, பாத்ரூம் இருக்கு, குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கு. கரிஷ்மா நல்லாத்தான் வெச்சிருந்தா" என்றார் இந்திராவதி. "ஆனா எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. இப்பத்தானே சொல்லவே ஆரம்பிச்சேன்."

2006 டிசம்பரில் ராணுவம் இன்னொரு தடவை அரசாங்கத்தை எடுத்துக்கொண்டது. அன்று அறையை அரை நாள் மூடினார்கள். மத்தியானம் பெண்கள் வந்து படியில் நின்றதால் திறந்துவிட்டார்கள்.

நான் போன அன்று அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ரஞ்சீதா என்ற பெண், சுவரில் புதிதாக மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் குதித்துக் குதித்துத் தன் முகத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இது ரொம்ப உசரத்துல இருக்கு. எழுதித் தரணுமா?"

"வேணாம். அந்தப் பக்கம் பிடி" என்றார் இந்திராவதி.

இருவரும் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஒன்றரை அடி கீழே புதிய ஆணி அடித்து மாட்டினார்கள். ரஞ்சீதா பொட்டைச் சரி செய்துகொண்டு போனாள். அடுத்து, சந்தையில் கிழங்கு விற்கும் ஃபிஜிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். நல்ல உயரம். இடுப்பை மடித்துக் குனிந்து, கண்ணாடியில் தன் கழுத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இந்திராவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்திராவதி சுத்தியலைக் கீழே வைத்திருக்கவில்லை. "எவ்வளவு மேல?" என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினார்.